போடாத சுத்து

ஜன்னலை மூடாதீங்க சார். தூசு வரும்தான், வந்துட்டுப் போகட்டும். மணி இன்னா ஆச்சு, மூணா? அதான் பாருங்க, காத்து கடல்லேர்ந்து திரும்பிடுச்சு. ஞாயித்துக்கெழமை இந்நேரத்துக்கு பஸ்ஸுல உக்காந்திருக்கிற ஆளே கெடையாது நான். தண்ணியில இருப்பேன்.

மீன் பிடிக்க இல்ல சார். ரேஸு. பாய்ப்படகு ரேஸு. சிரிப்பு வருதா? வரும். என் மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியாது. பேரு தணிகாசலம், துறைமுகத்து ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஹார்பருக்குள்ள ஒரு பாய்ப்படகு கிளப்பு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து ஆபீசருங்க, கப்பல் கேப்டனுங்க, டாக்டருங்க, இவங்கதான் அதுல மெம்பரு. அப்பால யூனியன்ல பேசி, தொழிலாளியும் சேரலாம்னு ஒரு வருஷம் கதவைத் திறந்தாங்க. சேர்ந்தது நான் ஒருத்தன்தான். ஓட்டையாப் போயி ஓரமாக் கவுத்து வெச்சிருந்த ஒரு படகை எடுத்து, ஆறு மாசம் ஒட்டி, தேச்சு, பெயின்ட் அடிச்சு எறக்கினேன். எறக்குன அன்னைக்கே எங்க சூப்பரிண்டெண்ட் தன் படகுலேர்ந்து கூப்புடுறாரு, "தணிகாசலம், வந்ததுதான் வந்தே, என் படகுக்கு இந்த போல்டை டைட் பண்ணிட்டுப் போ." ஞாயித்துக்கெழமை சார்! பண்ணிட்டுத்தான் போனேன். பதினாலு வருஷம் போல்ட் டைட் பண்ணேன். அதை மனசுல வெச்சுக்கங்க. அப்பத்தான் நான் சொல்லப்போறது உங்களுக்குப் புரியும்.

அது ரெண்டு பேர் ஓட்டுற படகு. பின்னாடி ஒருத்தன் சுக்கான் பிடிப்பான், அவன்தான் ஓட்டுறவன். முன்னாடி ஒருத்தர் கயிறு இழுக்கணும், படகு சாயுறப்போ உடம்பை வெளிய தள்ளித் தொங்கணும். அவ்ளோதான் வேலை. எனக்கு முன்னாடி உக்கார்ந்த கூட்டாளி காலை உடைச்சிக்கிட்டான். ஆள் தேடிக்கிட்டு இருக்கேன், வீட்ல சொல்றா, "நான் வரட்டா?"

என் சம்சாரம். தேசம்மா. காசிமேட்டுப் பொண்ணு, அவ அப்பா கட்டுமரம் ஓட்டுனவரு. நாப்பத்தி ரெண்டு வயசுல சுடிதார் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தா சார்! ஆபீசருங்க வீட்டம்மாவெல்லாம் வராண்டாவுல டீயைக் கையில வெச்சுக்கிட்டுப் பார்க்குறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்ல.

சும்மா சொல்லக்கூடாது, கயிறு நல்லா இழுப்பா. அவ்ளோதான். ஓட்டுனது நான். அப்பப்போ, "அந்தாண்ட தண்ணி கருக்குது பாருங்க, அங்க போங்க"ம்பா. போவேன். காத்து இருக்கும். "இப்போ திருப்பாதீங்க, இன்னும் ரெண்டு அலை போகட்டும்"ம்பா. சரின்னு இருப்பேன். அது யார் வேணா சொல்லலாம் சார், கண்ணு இருந்தாப் போதும். அவ வந்த வருஷத்துலேர்ந்து நாங்க ஜெயிக்க ஆரம்பிச்சோம்னா, அதுக்குள்ள எனக்கும் கை பழகிடுச்சு இல்ல?

அவளாண்ட ஒரு கெட்ட பழக்கம். கெட்டதுன்னா, எனக்குக் கெட்டது. ஒரு ரேஸுல விசில் ஊதுறதுக்கு ஒரு செகண்டு முன்னாடியே எங்க படகு கோட்டைத் தாண்டிடுச்சு. கரையில இருக்கிறவனுக்குத் தெரியல. இவ என்ன பண்ணா தெரியுமா? கையைத் தூக்கிட்டா! "நாங்க தாண்டிட்டோம் சார்"னு கத்துறா. திரும்பப் போயி மறுபடி கெளம்பி, கடைசியா வந்தோம். மூணு நாள் நான் அவகூடப் பேசல. ஆனா கிளப்புல அன்னைலேர்ந்து அவளுக்கு ஒரு தனி மரியாதை. கிழட்டு கேப்டன் ஒருத்தர், யாரையும் எழுந்து கும்பிடாதவரு, இவ வந்தா எழுந்து நிப்பாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பங்குனி மாசம், அந்த சீசனோட கடைசி ரேஸு. நானும் ரெமிஜியுஸும் பாயிண்டுல சமமா நிக்கிறோம். ரெமின்னு கூப்புடுவோம். பேங்க் கிளார்க்கு, எர்ணாவூரு, என்னைவிட பத்து வயசு சின்னவன், நல்ல பையன். என்னை அண்ணேன்னும் இவளை அக்கான்னும் கூப்புடுவான். ரெண்டு பேர்ல யார் முன்னாடி வர்றோமோ அவங்களுக்குக் கப்பு. பதினாலு வருஷத்துல மொத தடவை சார்! சூப்பரிண்டெண்ட் கரையில நிக்கிறாரு. எனக்கு வேற ஒண்ணும் கண்ணுல படல.

தண்ணியில மூணு மிதவை கட்டியிருப்பாங்க, ஆரஞ்சு டிரம்மு. அதைச் சுத்திட்டு வரணும். தொடக்கூடாது. தொட்டுட்டா, அதே எடத்துல படகை ஒரு முழுச் சுத்து சுத்திட்டு அப்பால போகணும். அதான் தண்டனை. இதுல வேடிக்கை இன்னான்னா, தண்ணியில அம்பயரே கெடையாது. பார்த்தவன் யாரும் இல்லைன்னாலும் தொட்டவனே சுத்திக்கணும். உலகத்துல எந்த வெளையாட்டுலயாவது இப்படி உண்டா? நீங்களே சொல்லுங்க.

மூணாவது மிதவை. ரெமி எனக்கு நாலு படகு தூரம் பின்னாடி. நான் கொஞ்சம் ஒட்டித் திருப்புனேன். ஒரு அலை வந்துச்சு. அலை தள்ளுனா டிரம்மு நகரும், இல்லையா? நகர்ந்து வந்துச்சு. படகோட பின் ஓரத்துல ஒரு சத்தம்.

"தொட்டுடுச்சு, சுத்துங்க"ன்னா தேசம்மா.

நான் சுக்கானைப் பிடிச்சபடியே இருந்தேன்.

"இன்னாங்க, தொட்டுடுச்சு. ஒரு சுத்து போடுங்க. அரை நிமிஷம்தானே, அப்பால புடிச்சிடலாம்."

அரை நிமிஷத்துல ரெமி தாண்டிப் போயிடுவான் சார். எப்படிப் புடிக்கிறது? "அது அலை, கயிறை இழு"ன்னேன். மூணாவது தடவை அவ சொல்லல. கயிறை இழுத்தா. இழுத்துக்கிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தா, அவ்ளோதான். பின்னாடி ரெமி, "புரொட்டெஸ்ட்!"னு கத்தி சிவப்புத் துணியைக் கட்டிட்டான். எவன் மேலயாவது புகார்னா அந்தத் துணியைக் கட்டிக்கிட்டே ஓட்டணும், கரைக்கு வந்ததும் விசாரணை.

மொதல்ல வந்தது நாங்கதான். கைதட்டுறாங்க. எனக்கு காது கேக்கல.

விசாரணைன்னா கோர்ட்டு மாதிரி நெனைக்காதீங்க. ஒரு ரூமு, ஒரு டேபிளு, மூணு பேரு. டேபிள் மேல விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மரப் படகு வெச்சிருப்பாங்க, மிதவைக்கு பாட்டில் கார்க்கு. நீ எங்க இருந்தே, அவன் எங்க இருந்தான்னு அதை நகர்த்திக் காட்டணும். ரெமி நகர்த்தி, தொட்ட மாதிரி காட்டுனான். நான் நகர்த்தி, தொடாத மாதிரி காட்டுனேன். நடுவுல உக்காந்திருந்தது அந்தக் கிழட்டு கேப்டன். அவர் எங்க ரெண்டு பேரையும் பார்க்கல. தேசம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல நாங்க கேக்க மாட்டோம்"னாரு.

நான் அவளைப் பொய் சொல்லச் சொல்லல சார். சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. பார்த்தேன், அவ்ளோதான். புருஷன் பொண்டாட்டியைப் பார்க்குறது தப்பா?

அவ ரொம்ப நேரம் அந்தக் கார்க்கையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்பால அந்தக் குட்டிப் படகை எடுத்து, ஒரு விரக்கடை தள்ளி வெச்சா. "தொடல சார்."

ரெமி உடனே எழுந்துட்டான். "அக்கா சொன்னா சரி. எனக்குத்தான் அந்தக் கோணத்துல அப்படித் தெரிஞ்சிருக்கு. மன்னிச்சிக்கங்கண்ணே"ன்னு எனக்குக் கை குடுத்தான். கப்பு வாங்குனேன். சூப்பரிண்டெண்ட் கட்டிப் புடிச்சாரு. இவ எங்கன்னு பார்த்தா, வெளிய போயி தனியா படகைக் கழுவிக்கிட்டு இருக்கா.

ஸ்கூட்டர்ல வர்றப்போ என் முதுகுக்குப் பின்னாடி பேசுறா. "நாளைக்குப் போயி ரெமிகிட்ட சொல்லிடுங்க."

"இன்னாத்தைச் சொல்றது? நான் சொன்னா நீ பொய் சொன்னதாயிடும். உன் பேரு கெட்டுப்போகும்."

"என் பேரு கெட்டா கெடட்டும். நீங்க சொல்லுங்க."

எப்படி சார் சொல்றது? அந்தக் கேப்டன் எழுந்து நிக்கிற பொம்பளை அவ. ஊர் முன்னாடி என் பொண்டாட்டியைப் பொய்க்காரியா நிறுத்துறதா? நான் வாயை மூடிக்கிட்டது எனக்காக இல்ல. அவ மானத்துக்காக. இதை அவளாண்ட எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். கேட்டுக்குவா. அவ்ளோதான்.

அடுத்த ஞாயித்துக்கெழமை, "தலை வலிக்குது, நீங்க போங்க"ன்னா. அதுக்கடுத்த வாரமும் தலைவலி. அப்பால நான் கூப்புடுறதை விட்டுட்டேன். சண்டை ஒண்ணும் இல்ல சார். அதான் எனக்கு ஆத்திரம்! சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். சமைப்பா, சிரிப்பா, நான் ரேஸுக்குப் போறப்போ தூக்குல மோர் ஊத்திக் குடுப்பா. ஷோகேஸுல இருக்கிற தட்டு, பொம்மை எல்லாம் துடைப்பா. கப்பை மட்டும் துடைக்க மாட்டா. அது மேல தூசி படிஞ்சு, நான்தான் பனியனால துடைச்சு வெப்பேன். திரும்பி வந்தா வாசல்லயே நிப்பா. "ரெமி வந்திருந்தானா? பேசுனீங்களா?"ன்னு கேப்பா. வாரா வாரம் இதே கேள்வி. பொம்பளைங்களுக்கு ஊர்க்கதை கேக்குற ஆசை, இன்னா பண்றது. "வந்தான், மூணாவதா வந்தான்"னு சொல்லிட்டுக் கால் கழுவப் போயிடுவேன்.

அவ எடத்துல வேற ஆளுங்களை உக்கார வெச்சுப் பார்த்தேன். ஒருத்தனும் உருப்படி இல்ல. பாய் மாத்துனேன், சுக்கான் மாத்துனேன், படகோட அடியை மறுபடி எழைச்சேன். ஏழாவது, எட்டாவது, இப்படியே வந்துக்கிட்டு இருந்தேன். படகு கிழடாயிடுச்சு சார், வேற ஒண்ணும் இல்ல. ரெமி வேற, ரேஸு முடிஞ்சா என்னாண்ட வந்து, "நல்லா இருக்கீங்களாண்ணே"ன்னுட்டு, ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பான். எதுக்கு நிக்கிறான்? குத்திக் காட்டுறான்னு நெனைச்சிப்பேன். கயிறைச் சுத்துற மாதிரி குனிஞ்சிக்குவேன். ரெண்டு வருஷமா முட்டி வலின்னு அவன் வர்றதில்ல. எனக்கு ஒரு நிம்மதி.

போன வருஷம் தேசம்மாவுக்கு கிட்னி போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணனும். நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன், கூட்டிக்கிட்டு வருவேன். கடைசியில ஆஸ்பத்திரியிலயே படுக்க வெச்சிட்டாங்க. ஒரு நாள் காலையில, இட்லி ஊட்டிட்டு வாயைத் துடைச்சி விடுறேன், என் கையைப் புடிச்சிக்கிட்டா. "இப்பவாவது..."ன்னா. அதுக்கு மேல மூச்சு வரல. என்னையே பார்க்குறா.

நான் இன்னா பண்ணேன் தெரியுமா சார்? நர்ஸைக் கூப்பிட்டு, "தண்ணி கேக்குறாங்க"ன்னேன்.

நர்ஸு ஸ்பூன்ல தண்ணி குடுத்தா. குடிச்சா சார். வேணாம்னு சொல்லல. குடிச்சிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. நாலு நாள் கழிச்சுப் போயிட்டா.

எனக்குத் தெரியும் சார். அவ கேட்டது தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியும்.

நாப்பத்தோரு நாளாச்சு. இன்னைக்குக் காலையில எழுந்தேன், ரேஸுக்குப் போகத்தான் கெளம்புனேன். மோரு ஊத்திக்கலாம்னு தூக்கை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே உக்காந்துட்டேன். அப்பால அந்தக் கப்பை ஒரு பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன், எர்ணாவூருக்கு. ஏன் போனேன்னு கேக்காதீங்க. அவ இருக்கிறப்போ போகாதவன், அவ போன பின்னாடி எதுக்குப் போனேன்? அவ பேரு கெட்டுப்போகுமேன்னு பயந்தது எங்க போச்சு? ஒண்ணும் தெரியல. தொண்டையில அந்தத் தண்ணி நிக்குது சார், அவ்ளோதான் தெரியும்.

ரெமி கோயிலுக்குப் போயிட்டு அப்பத்தான் வந்திருக்கான். என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்க முடியாம எழுந்திரிச்சான். தேசம்மா காரியத்துக்கு வந்திருந்தவன்தான், ஆனா நான் அவன் வீட்டு வாசப்படி மிதிச்சது இதான் மொத தடவை. உக்காரக்கூட இல்ல நான். பையைக் கீழ வெச்சேன். "ரெமி, தொட்டுச்சுப்பா. அன்னைக்கு மிதவையில தொட்டுச்சு. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சுத்துன்னு சொன்னா, நான் சுத்தல. அவ பொய் சொன்னது என்னால. அவளைத் தப்பா நெனைக்காதே"ன்னேன். பன்னெண்டு வருஷம் சொல்ல முடியாதது, ஒரு நிமிஷம்கூட ஆகல சார்.

என் தோளைப் புடிச்சு நாற்காலியில உக்கார வெச்சான். "தெரியும்ண்ணே"ன்னான்.

"தெரியுமா? நீ பார்த்தியா?"

"பார்த்ததை விடுங்க. அக்கா சொல்லிட்டாங்க. அந்த ரேஸு முடிஞ்சு மூணாம் நாள், புதன்கெழமை, இங்க வந்தாங்க. தனியா வந்தாங்க. இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்தாங்க."

புதன்கெழமை நான் டூட்டிக்குப் போயிட்டேன், அவ எங்க போனா வந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?

"‘நான் பொய் சொல்லிட்டேன் தம்பி, கப்பு உன்னுது’ன்னாங்க. நான் பதறிப் போயி, சரிக்கா, விடுங்க, நான் கமிட்டியில எதுவும் பேச மாட்டேன்னேன். ‘நீ கமிட்டியில சொல்றதுன்னா சொல்லு, என் பேரைப் பத்திக் கவலையில்ல. ஆனா அவர்கிட்ட மட்டும், நான் வந்ததைச் சொல்லாத. நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா, அவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும். அவர் வருவாரு. அவரே வந்து உங்கிட்ட சொல்லுவாரு. கொஞ்சம் டைம் எடுத்துக்குவாரு, அவ்ளோதான். மனசு நல்ல மனசு’ன்னாங்கண்ணே."

சார், நான் இன்னான்னு சொல்லுவேன்? அவ என் மேல நம்பிக்கை விட்டுட்டான்னு நெனைச்சு பன்னெண்டு வருஷம் அவமேல கோவமா இருந்தேனே! படகுக்கு வரமாட்டேங்குறா, கப்பைத் துடைக்கமாட்டேங்குறான்னு கணக்கா கோவப்பட்டேனே! யார் மானத்தைக் காப்பாத்துறேன்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேனோ, அவ அதை மூணாம் நாளே கொண்டுபோயி அவன் வீட்ல வெச்சிட்டு வந்திருக்கா. எனக்கு ஒரு வழியும் விட்டு வெச்சிருக்கா. நான்தான் போகல.

ரெமி சொல்றான், "அதனாலதான்ண்ணே ரேஸு முடிஞ்சா உங்ககிட்ட வந்து நிப்பேன். நீங்க ஆரம்பிப்பீங்கன்னு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அக்கா போன் பண்ணுவாங்க. வாழ்த்து சொல்லிட்டு, ‘வந்தாரா தம்பி?’ம்பாங்க. இல்லக்காம்பேன். ‘வருவாரு’ன்னுட்டு வெச்சிடுவாங்க. ஒரு வருஷம்கூட வேற மாதிரி சொன்னதில்ல."

நான் அழுதேன் சார். அவன் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி, வெக்கமில்லாம, வாய்விட்டு அழுதேன். தேசம்மா செத்த அன்னைக்குக்கூட அப்படி அழல. அவன் கப்பைத் தொடல, பையையும் பிரிக்கல. அவன் பொண்டாட்டி வந்து வாழை இலையை விரிச்சுத் தண்ணி தெளிச்சிடுச்சு. வேணாம்மா, எனக்கு எறங்காதுன்னு எழுந்திரிச்சேன். ரெமி கையைப் புடிச்சிக்கிட்டான்.

"போன கிறிஸ்துமஸுக்கு அக்கா பேசுனப்போ குரலே வரலண்ணே. அப்பவும் அதையேதான் கேட்டாங்க. இல்லக்கான்னேன். அப்புறம், ‘தம்பி, அவர் வர்றப்போ நான் இருக்க மாட்டேன். வந்தா ஒண்ணும் திட்டாத. பசி தாங்க மாட்டாரு, சோறு போட்டு அனுப்பு’ன்னாங்க."

உக்காந்தேன் சார். சாப்பிட்டேன்.